மீன்களுக்கு வம்சாவளி எழுதியவர்கள்

நார்வே தேசத்தின் தலைநகரான ஓஸ்லோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், தானிய வயல்களுக்கும் பால்மாட்டுத் தொழுவங்களுக்கும் நடுவே, ஓஸ் என்று வழங்கும் சிற்றூரில் 1859-ஆம் வருஷம் ஒரு விவசாயக் கலாசாலை ஸ்தாபிக்கப்பட்டது. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மண்ணையும் உரத்தையும் கால்நடையையும் பற்றிக் கற்பிக்க ஏற்பட்ட அந்தக் கலாசாலை, காலக்கிரமத்தில் பட்டமளிக்கும் தகுதி பெற்று, 2014-இல் நார்வேயின் உயிரியல் விஞ்ஞானங்களுக்கான சர்வகலாசாலையாகவும் மாறிற்று. கடல் மீன் வளர்ப்பு என்னும் பெருந்தொழிலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைநிறுத்திய விஞ்ஞானம், மீன்பிடித் துறைமுகம் எதிலும் பிறவாமல் இந்த வயற்காட்டுக் கலாசாலையில் பிறந்தது என்பதும், அதைப் பிறப்பித்தவர்கள் அதுவரையில் மாட்டையும் ஆட்டையுமே ஆராய்ந்து வந்தவர்கள் என்பதும், கல்விக்கூடத்துக்கும் தொழிலுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சரித்திரமாகும்.

மனிதன் பசுவையும் ஆட்டையும் கோழியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. நல்ல பசுவின் கன்றை வைத்துக்கொண்டு, தேறாத கன்றை விற்றுவிடும் வழக்கம் எல்லாத் தேசத்து உழவர்களுக்கும் தெரிந்ததே. கொங்கு நாட்டில் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் காங்கேயம் மாடுகளின் வம்சத்தைப் பேணிக் காத்த விதத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு, ஒரு காளையின் தாய் இன்னது, தகப்பன் இன்னது என்று அறிந்து வைத்திருப்பதன் மதிப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மீன் விஷயத்தில் இந்த ஞானம் அநேகமாகப் பிரயோகிக்கப்படவே இல்லை. சீனத்திலும் ஐரோப்பாவிலும் குளங்களில் வளர்க்கப்பட்டு வந்த சாதாக் கெண்டை போன்ற ஓரிரு இனங்கள் நீங்கலாக, வளர்ப்பு மீன் என்பதே பெரும்பாலும் காட்டு மீனாகத்தான் இருந்தது. ஆற்றிலும் கடலிலும் பிடித்த குஞ்சைக் கொண்டுவந்து விடுவதும், பெருத்தபின் பிடித்து விற்பதுமே தொழில். அந்த மீனுக்குப் பெற்றோர் யார் என்று கேட்டவரும் இல்லை, கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்தவரும் இல்லை.

நார்வேயில் சால்மன் மீனைக் கடலில் வளர்க்கும் முயற்சி இந்த நிலையில்தான் ஆரம்பமாயிற்று. சால்மன் விசித்திரமான ஜீவன். நன்னீர் ஆற்றின் கூழாங்கல் படுகையில் பிறந்து, ஒன்றிரண்டு வருஷமோ அதற்கு மேலோ அங்கேயே வளர்ந்து, பிறகு உடம்பு வெள்ளி நிறம் பெற்று உப்புநீரைத் தாங்கும் தகுதியோடு கடலுக்குச் சென்று, அங்கே பெருத்துக் கொழுத்து, தான் பிறந்த அதே ஆற்றைத் தேடித் திரும்பி வந்து முட்டையிடும். 1950களின் இறுதியிலிருந்தே விக் சகோதரர்கள் முதலான சிலர் குஞ்சுகளை உப்புநீருக்குப் பழக்கி வளர்த்துப் பார்த்து வந்தனர். 1970-இல் ஹிட்ரா தீவில் ஓவே, சீவெர்ட் என்னும் கிரோன்ட்வெட் சகோதரர்கள் எண்கோண வடிவில் மரச்சட்டம் செய்து, அதில் வலையைத் தொங்கவிட்டு, கடலில் மிதக்கும் அந்தக் கூண்டுக்குள் ஏறத்தாழ 20,000 குஞ்சுகளை விட்டார்கள். ஃபியோர்டு எனப்படும் அந்நாட்டு ஒடுங்கிய கடற்கால்களில் அலையின் மூர்க்கம் குறைவு. வளைகுடா நீரோட்டத்தின் வெப்பத்தால் குளிர்காலத்திலும் நீர் உறைவதில்லை. கூண்டு ஜெயித்தது. கரையோரச் சிற்றூர்களில் பண்ணையும் படகுமாக வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒரு புதுத் தொழில் கிட்டியது. குஞ்சுகள் மட்டும் காட்டு மீனின் குஞ்சுகளே. சில வேகமாய் வளர்ந்தன, சில சூம்பிப் போயின, சில எடை சேருமுன்பே பருவமடைந்து சதை கெட்டன.

ஓஸ் கலாசாலையில் கால்நடை இனவிருத்திப் பேராசிரியராக இருந்த ஹாரல்ட் ஷெர்வோல்ட் என்பவர், நார்வேயின் செந்நிறப் பால்மாட்டு இனத்தை உருவாக்கிய திட்டத்தின் சூத்திரதாரி. ஒரு காளையின் தரத்தை அதன் தோற்றத்தைக் கொண்டு தீர்மானிக்காமல், அதற்குப் பிறந்த பெண் கன்றுகள் வளர்ந்து கறக்கும் பாலைக் கணக்கிட்டு நிர்ணயிப்பது அந்தத் திட்டத்தின் அஸ்திவாரம். அமெரிக்காவின் அயோவா கலாசாலையில் ஜே லஷ் என்னும் பேராசிரியர் 1937-இல் வெளியிட்ட கால்நடை இனவிருத்தி நூல் வகுத்துக் கொடுத்த மார்க்கம் அது. பரம்பரையாக இறங்கும் குணம் எவ்வளவு, தீனியாலும் சூழலாலும் ஏற்படும் குணம் எவ்வளவு என்று கணிதத்தைக் கொண்டு பிரித்தறியும் வித்தை. மாட்டுக்குப் பலித்த வித்தை மீனுக்கும் பலிக்கும் என்று ஷெர்வோல்ட் நம்பினார். ஆட்டினங்களின் பரம்பரைக் குணங்களை ஆராய்ந்து வந்த அவருடைய சகாவான த்ரிக்வே யேட்ரெம், அந்த நம்பிக்கையைத் தம் ஆயுட்காலப் பணியாக ஏற்றுக்கொண்டார்.

மீன்களைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்குவது உலகுக்கு முற்றிலும் புதிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வாஷிங்டன் சர்வகலாசாலையில் லாரன் டொனால்ட்சன் 1932 முதற்கொண்டே வானவில் டிரவுட் மீன்களில் மிகப் பெரியவற்றைப் பொறுக்கியெடுத்து, அவற்றிலிருந்தே அடுத்த தலைமுறையை உண்டாக்கி, வியக்கத்தக்க மீன்களை வளர்த்துக் காட்டினார். ஆயினும் பெரிய மீனைப் பார்த்துப் பொறுக்குவதில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. ஒரு பெண் சால்மன் தன் உடலெடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 1,500 அளவில் முட்டையிடும். ஒரே ஜோடியின் பிள்ளைகளே ஒரு பண்ணையை நிரப்பிவிடலாம். பெரிதாய்த் தெரியும் மீன்களெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருந்துவிட்டால், அவற்றை இணைப்பது உடன்பிறந்தாருக்குள் மணம் முடிப்பதாகும். நாலைந்து தலைமுறைக்குள் வம்சம் நலிந்துவிடும். அதுவுமன்றி, சதையின் நிறம், கொழுப்பு, நோய் தாங்கும் திறம் ஆகியவற்றை அறிய மீனைக் கொன்றோ நோயூட்டியோ பார்க்க வேண்டும்; கொன்ற மீன் தாயாகாது. இந்த இரண்டு இக்கட்டுக்கும் ஓஸ் கலாசாலையார் கண்ட மார்க்கம் ஒன்றே. குடும்பம் குடும்பமாய்ப் பிரித்து வளர்த்து, ஒவ்வொரு மீனுக்கும் வம்சாவளி எழுதுவது. கொல்லப்பட்ட சகோதரனின் சதையைக் கொண்டு உயிரோடிருக்கும் சகோதரியின் தரத்தை மதிப்பிடுவது.

1971 முதல் 1974 வரை நான்கு இலையுதிர் காலங்களில், நார்வேயின் ஏறத்தாழ 40 ஆறுகளிலிருந்து சால்மன் முட்டையும் விந்தும் சேகரிக்கப்பட்டன. மீன்வளர்ப்பு ஆராய்ச்சிக்கென்று அக்வாஃபோர்ஸ்க் என்னும் ஸ்தாபனம் ஏற்பட்டது. மேற்குக் கரையில் ஃபியோர்டின் தலைமாட்டில், நீர்மின் நிலையமும் அலுமினியத் தொழிற்சாலையும் உள்ள சுன்டால்சோரா என்ற ஊரில் பொரிப்பகம் அமைந்தது.

அங்கே நடந்த வேலையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். முட்டை முதிர்ந்த பெண் மீனை மயக்க மருந்து கலந்த நீரில் அமர்த்தி, ஒருவர் வாலைப் பிடிக்க மற்றொருவர் வயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல வருடினால், பட்டாணி அளவில் செம்மஞ்சள் முத்துக்கள் போல முட்டைகள் தாரையாக உலர்ந்த பாத்திரத்தில் விழும். ஆண் மீனிடமிருந்து அவ்வாறே எடுத்த விந்தை அதன்மீது விட்டுக் கலக்கி, பிறகு நீர் ஊற்றுவார்கள். ஓர் ஆணின் விந்தைப் பல பெண்களின் முட்டைகளுக்குத் தனித்தனியே இடுவதால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரு கூட்டமும், தகப்பன் மட்டும் ஒருவனாயுள்ள பிள்ளைகள் மற்றொரு கூட்டமுமாய் அமையும்; இந்த இரு கூட்டங்களையும் ஒப்பிட்டே பரம்பரையின் பங்கைக் கணக்கிட வேண்டும். நீரின் வெப்ப அளவை நாட்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் காலத்தை அளப்பது பொரிப்பகத்தாரின் முறை. பெருக்குத்தொகை 500 அளவை எட்டும்போது குஞ்சு வெளிவரும். அதாவது 8 பாகை நீரில் இரண்டு மாதம். பொரித்த குஞ்சுகளைக் குடும்பத்துக்கு ஒரு தொட்டியாகப் பிரித்து, அடையாளம் இடத்தக்க பருவம் வரும்வரை ஒன்றோடொன்று கலவாமல் காக்க வேண்டும். பிறகு ஒரு குறிப்பிட்ட துடுப்பின் நுனியைக் கத்தரித்தும், கடுங்குளிரூட்டிய உலோக முத்திரையைத் தோலில் ஒற்றியும் குடும்பக் குறி இட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கடற்கூண்டில் விடுவார்கள். ஒரே நீர், ஒரே தீனி, ஒரே புயல். அதற்குப் பின்னும் ஒரு குடும்பம் மற்றொன்றைவிடப் பெருத்தால் அது பிறப்பின் விசேஷமேயன்றித் தொட்டியின் அதிர்ஷ்டமன்று.

சால்மன் தலைமுறை ஒன்றுக்கு நான்கு வருஷம் ஆகும். ஆகையால் நான்கு வருஷக் குஞ்சுகளும் நான்கு தனி வம்சங்களாக, ஒன்றன்பின் ஒன்றாய் முறைவைத்து நடத்தப்பட்டன. 1970களில் பொறுக்கிய மீனின் பேரப்பிள்ளையைக் காண 1980கள் வரையில் காத்திருக்க வேண்டும். ஒரு வியாபாரி இதற்கு முதல் போடமாட்டான். நாலு வருஷத்துக்கு ஒரு முறை படியேறும் லாபத்தை நம்பிக் கடன் கொடுக்க எந்த வங்கியும் முன்வராது. சம்பளத்தை அரசாங்கம் கொடுக்க, பேரேட்டை மாணாக்கர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவர, ஆசிரியர் ஓய்வு பெற்றாலும் தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்ளும் கலாசாலைக்குத்தான் இத்தகைய காரியம் சாத்தியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் வளர்ச்சி வேகத்தை மட்டுமே கருதித் தெரிந்தெடுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில், அகாலத்தில் பருவமடையாத குணத்தையும், 1990களில் நோய் தாங்கும் திறத்தையும் சதையின் தரத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். தலைமுறை ஒன்றுக்கு வளர்ச்சி 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்ந்தது. ஐந்து தலைமுறை கழிந்தபின், அந்த வம்சத்து மீனைக் காட்டு மீனோடு ஒரே சூழலில் வளர்த்து ஒப்பிட்டபோது, வளர்ச்சி இரு மடங்குக்கு மேற்பட்டிருந்தது; ஒரு கிலோகிராம் எடை சேர்க்கத் தேவைப்பட்ட தீனியும் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் தாழ்ந்திருந்தது. மீன்வளர்ப்பில் செலவில் பெரும்பகுதி தீனிச் செலவே என்பதை அறிந்தவர்கள் இதன் பெறுமதியை உணர்வார்கள். 1980-இல் சுமார் 4,000 டன்னாக இருந்த நார்வேயின் வளர்ப்புச் சால்மன், 1990-க்குள் ஒன்றரை லட்சம் டன்னை நெருங்கியது. இந்நாளில் 15 லட்சம் டன்னைத் தாண்டி நிற்கிறது.

இதில் பண்ணையாளர்களின் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கலாசாலை வம்சத்தின் கருமுட்டைகளை வாங்கித் தம் கூண்டுகளில் வளர்த்து, பலன் கண்டு, அந்த வேலையைத் தாங்கி நின்றவர்கள் அவர்களுடைய சங்கத்தினர். 1978-இல் அவர்கள் அமைத்த விற்பனைச் சங்கம் விலையைத் தாங்கிப் பிடிக்க முயன்று, விற்காத மீனை உறையவைத்துக் குவித்து, 1991-இல் திவாலாயிற்று. அப்போது பல பண்ணைகளும் மூழ்கின. ஆனால் வம்சம் மூழ்கவில்லை. 1992-இல் இனவிருத்திக்கென்று தனி நிறுவனம் ஏற்படுத்தி, அந்த மீன்களைக் காப்பாற்றினார்கள். சந்தையின் ஒரு வீழ்ச்சியில் இருபது வருஷத்துப் பேரேடு அழிந்து போயிருக்கக் கூடும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

மற்றொரு பக்கம், நெருக்கமாக வளர்த்த மீன்களைக் கொள்ளைநோய்கள் தாக்கின. 1970களின் இறுதியில் ஹிட்ரா தீவைச் சூழ்ந்த பண்ணைகளில் குளிர்நீர்க் கிருமியொன்று பரவி, அந்தத் தீவின் பெயராலேயே நோய்க்குப் பெயர் வந்தது. 1980களின் நடுவில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த குஞ்சுகளோடு கொப்புள நோயும் வந்து சேர்ந்தது. பண்ணையாளர்கள் தீனியில் மருந்தைக் கலந்து கொட்டினர்; 1987-இல் மட்டும் நார்வேயின் மீன்பண்ணைகளில் ஏறத்தாழ 48 டன் நுண்ணுயிர்க்கொல்லி செலவாயிற்று, அந்த வருஷம் விளைந்த மீனோ ஐம்பதாயிரம் டன் அளவே. கடல் ஆராய்ச்சியாளரும் கால்நடை மருத்துவரும் தடுப்பூசி செய்வோரும் கிருமியை இனங்கண்டு, ஒவ்வொரு குஞ்சின் வயிற்றிலும் போடத்தக்க தடுப்பூசியை உருவாக்கினார்கள். 1990களின் நடுப்பகுதிக்குள் மருந்துச் செலவு ஒன்றிரண்டு டன்னாகச் சரிந்துவிட்டது, மீன் விளைச்சலோ பன்மடங்கு பெருகியிருந்தது. இனவிருத்தியும் இதில் துணை நின்றது. கணைய அழுகல் நோயைத் தாங்கும் திறம் பெரும்பாலும் மரபணுத் தொகுதியின் ஒரே இடத்தில் அமைந்திருப்பதை, ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் இரு குழுவினர் 2008, 2009 ஆண்டுகளில் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். வம்சாவளி எழுதி வைத்த குடும்பங்கள் இல்லாதிருந்தால் அந்த இடத்தைத் தேடியிருக்கவே முடியாது.

நன்மையை இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னபின் தீமையை மறைப்பது சரித்திரமாகாது. பால்டிக் கரையிலிருந்து தருவித்த குஞ்சுகளின் தோலில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புழுவொன்று நார்வேக்குள் நுழைந்தது. 1975-இல் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பால்டிக் மீன்களை அதிகம் வருத்தாத அந்தப் புழு, நார்வே ஆறுகளின் சால்மன் குஞ்சுகளைக் கூட்டங்கூட்டமாய்க் கொன்றது. காலப்போக்கில் ஏறத்தாழ 50 ஆறுகள் அதற்கு இரையாயின. சுன்டால்சோராவைத் தொட்டு ஓடும் ட்ரீவா ஆறும் அவற்றில் ஒன்று. புழுவை ஒழிக்க ஆற்றிலுள்ள மீன்களையெல்லாம் நஞ்சிட்டுக் கொன்று, பிறகு காப்பாற்றி வைத்த வம்சத்தைத் திரும்ப விடவேண்டிய துர்ப்பாக்கியம் நேர்ந்தது. கூண்டு கிழிந்து தப்பும் வளர்ப்பு மீன்களும் ஆறுகளில் ஏறிக் காட்டு மீன்களோடு கலந்து, பல்லாயிரம் ஆண்டுகளாக ஒவ்வோர் ஆற்றுக்கும் தக்கபடி அமைந்த குணங்களைக் கலைத்து வருகின்றன. 1986 முதல் காட்டுச் சால்மனின் விந்தை உறையவைத்துப் பாதுகாக்கும் பண்டகம் நார்வேயில் நடந்து வருகிறது. எந்த ஆறுகளிலிருந்து வளர்ப்பு வம்சம் எடுக்கப்பட்டதோ அந்த ஆறுகளுக்கே அது இடராக வந்து நிற்பது இந்தத் தொழிலின் பெரிய கடன்; இன்னும் தீர்க்கப்படாத கடன்.

ஓஸ் கலாசாலையின் வித்தை ஏழை நாடுகளுக்குப் பயன்பட்ட கதையே எனக்கு எல்லாவற்றிலும் பிரியமானது. மணிலாவிலிருந்த பன்னாட்டு நீர்வாழ் உயிர் ஆராய்ச்சி மையம், 1988-இல் திலேப்பியா மீனைச் சீர்திருத்தும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. நைல் திலேப்பியா ஆப்பிரிக்காவின் மீன். ஆசியக் குளங்களில் வளர்ந்தவை சில ஜோடிகளின் சந்ததி ஆகையால் நாளடைவில் சிறுத்துப் போயிருந்தன. எகிப்து, கானா, கென்யா, செனெகல் ஆகிய நான்கு தேசத்து ஆறுகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் காட்டு மீன்களையும், இஸ்ரேல், சிங்கப்பூர், தைவான், தாய்லாந்து ஆகிய இடங்களிலிருந்து வந்த பண்ணை மீன்களையும் ஒருங்கே கொணர்ந்து, நெல் விளையும் மத்திய லூஸானில் முன்யோஸ் என்னும் ஊரில் அவற்றை வைத்துப் பரீட்சித்தார்கள். அவ்வூரிலுள்ள மத்திய லூஸான் அரசு சர்வகலாசாலையும், பிலிப்பைன்ஸ் சர்வகலாசாலையின் கடல் விஞ்ஞான நிலையமும், அந்நாட்டு மீன்துறையும், நார்வேயின் அக்வாஃபோர்ஸ்க்கும் இதில் கூட்டாளிகள்.

சால்மனுக்குச் செய்த வேலையைத் திலேப்பியாவுக்குச் செய்வது எளிதன்று. அதன் தாய், முட்டைகளை வாயில் வைத்தே அடைகாக்கும். எல்லாத் தாயும் ஒரே நாளில் முட்டையிடாது. குளத்தில் கட்டிய சிறுகண் வலைத் தொட்டில்களில் ஜோடி ஜோடியாய் விட்டு, ஒவ்வொரு தாயின் குஞ்சுகளையும் தனித் தொட்டிலில் வளர்த்து, எண்ணிட்ட சிறு சீட்டை ஒவ்வொன்றின் முதுகிலும் கோத்து, குளத்திலும் கூண்டிலும் நெல்வயலிலுமாகப் பகிர்ந்து விட்டார்கள். குளத்தில் நன்றாய் வளர்ந்த வம்சம் நெல்வயலிலும் ஏறக்குறைய அதே வரிசையில் நின்றது. ஆகையால் இடத்துக்கொரு வம்சம் வேண்டியதில்லை என்பது தெளிந்தது. ஐந்து தலைமுறைக்குள் வளர்ச்சி மொத்தத்தில் 85 சதவிகிதம் உயர்ந்தது. வெப்ப நாட்டு மீனிலும் இந்த வித்தை பலிக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம் ஊர்க் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று சொல்லப்படுவது வேறு. அது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா, கைநீளம் வளருமுன்பே குட்டியும் குஞ்சுமாய்ப் பெருகி ஏரிகளை நிரப்பியது. சீர்திருத்திய நைல் வம்சத்தை இந்நாட்டில் பெருக்கி வழங்கும் பொறுப்பு, சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கையில் இருக்கிறது.

பிலிப்பைன்ஸ் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அம்பேக்கர் ஏக்நாத் என்னும் இந்தியர். கனடாவின் டல்ஹவுசி சர்வகலாசாலைப் பேராசிரியர் ராஜர் டாயிலோடு சேர்ந்து அவர் 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கர்நாடகத்துப் பொரிப்பகங்களில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் வம்சம் எவ்வளவு விரைவாக உள்ளிணைப்பால் நலிகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. ஒடிசாவில் 1957 ஜூலை 10-ஆம் தேதி ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்த நாள்முதல், குஞ்சுக்காக ஆற்றை நம்பியிருந்த நிலை மாறி, ஊருக்கு ஊர் பொரிப்பகம் ஏற்பட்டது. அது மகத்தான வெற்றியே. எனினும் கைக்கு அகப்பட்ட நாலைந்து தாய்மீன்களையே வருஷந்தோறும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதன் விளைவும் அந்த வெற்றியின் பின்னாலேயே வந்தது.

1992-இல் புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவிலுள்ள நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், அக்வாஃபோர்ஸ்க்கின் கூட்டுறவோடு ரோகு மீனின் வம்சத்தைச் சீர்திருத்த முற்பட்டது. கங்கை, கோமதி, யமுனை, சட்லெஜ், பிரம்மபுத்திரை ஆகிய ஐந்து நதிகளின் ரோகுவும் பண்ணை ரோகுவும் சேர்த்து அஸ்திவாரம் இடப்பட்டது. சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டான 1997-இல் அந்த வம்சத்துக்கு ஜயந்தி என்று நாமகரணம் செய்யப்பட்டது; தலைமுறைக்கு 17 சதவிகிதம் வளர்ச்சி கூடியதாக நிலையத்தார் அறிவித்தனர். நார்வே ஆறுகளில் கையாண்ட முறையே, சிறுசிறு மாறுதல்களோடு, நம்முடைய நதிகளுக்கும் பொருந்திற்று. ஏக்நாத்தும் பிற்காலத்தில் அந்நிலையத்தின் இயக்குநராகப் பணிபுரிந்தார்.

இந்த வம்சங்கள் எல்லாம் இன்று யாருடைய கையில் இருக்கின்றன என்பது கேட்கத்தக்க கேள்வி. நார்வேயில் பண்ணையாளர் சங்கத்தின் ஆதரவில் பிழைத்த சால்மன் வம்சம், 2008-இல் ஜெர்மானியக் குழுமமொன்றின் வசமாயிற்று. பிலிப்பைன்ஸ் திலேப்பியாவின் ஒரு கிளை 1999-இல் நார்வே வர்த்தக நிறுவனமொன்றுக்குச் சென்றது. மற்றொரு கிளை பொதுச் சொத்தாகவே பேணப்பட்டு ஆசிய ஆப்பிரிக்கத் தேசங்களுக்கு வழங்கப்பட்டு வருகிறது. விற்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நல்ல நிர்வாகம் வம்சத்தைக் காக்கவே செய்யும். பொதுப் பணத்தில் பிறந்த வம்சத்தின் ஒரு கிளையாவது பொதுவில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறேன். அவ்வாறு இருந்ததனால்தான் ஏழைக் குளத்துக்காரனுக்கும் நல்ல குஞ்சு கிடைத்தது.

தமிழ்நாட்டுக் கரையில் இந்த விஷயம் எவ்வாறு இருக்கிறது? கல்விக்கூடங்களுக்குக் குறைவில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் உண்டு. தூத்துக்குடியில் 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரியும், நாகப்பட்டினத்தில் 2012-இல் ஏற்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் உண்டு. 1987-இல் சென்னையில் அமைந்த உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் கொடுவாய் மீனை இந்தியாவில் முதன்முதலாகப் பொரிப்பகத்தில் முட்டையிடச் செய்தது. அப்படியிருந்தும் நம் கரையோரக் குளங்களில் விளையும் வனாமி இறாலின் தாய்கள் பெரும்பாலும் இன்னும் அயல்நாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைக் காப்பகத்தில் பரிசோதிக்கப்பட்டு, பிறகே பொரிப்பகங்களுக்குப் போகின்றன. 2009-இல் அந்த அயல் இறாலுக்கு அனுமதி கிடைத்தபின் தொழில் பெருகி, 2022-23-இல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைய வைத்த இறால் 7 லட்சம் டன்னைத் தாண்டியது. அத்தனையும் பிறர் எழுதிய வம்சாவளியை நம்பி நிற்கிறது. அந்த நாட்டார் ஒரு வருஷம் தாய் இறாலை அனுப்ப மறுத்தால், அல்லது அவர்களுடைய தொட்டியில் ஒரு நோய் புகுந்தால், பொன்னேரி முதல் வேதாரண்யம் வரையுள்ள குளங்கள் என்ன செய்யும்?

நம் கடலுக்கே உரிய நாட்டு வெள்ளை இறாலின் வம்சத்தைச் சீர்திருத்தும் திட்டமொன்றை மத்திய அரசின் உதவியோடு சென்னை நிலையம் 2022-இல் ஆரம்பித்திருக்கிறது. ஓஸ் கலாசாலையார் 1971-இல் நின்ற இடத்தில் நாம் இப்போது நிற்கிறோம். இறாலின் தலைமுறை சால்மனுடையதைப் போல நான்கு வருஷம் ஆவதில்லை. பலன் விரைவில் வரும். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மானியத்தை நிறுத்தி அறிக்கை கேட்டால் எந்த வம்சமும் வளராது. ஆகவே அரசாங்கத்தாரை நான் வேண்டிக்கொள்வது இது: அந்தத் திட்டத்துக்கு இருபது வருஷத்துக்குக் குறையாத பணத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள்; நாகப்பட்டினத்து மாணாக்கர்களைப் பேரேடு எழுத அங்கே அனுப்புங்கள். பண்ணையாளர்களை வேண்டிக்கொள்வது: முதல் இரண்டு தலைமுறைக் குஞ்சு வனாமிக்கு ஈடாக வளரவில்லை என்று கைவிட்டுவிடாமல், ஒரு குளத்தையாவது அதற்கு விட்டு, எடையையும் சாவையும் குறித்துக் கணக்கைச் சென்னைக்கு எழுதி அனுப்புங்கள்.